லைப்ரரியைக் கூடவே கட்டி அனுப்புவதா, கணினியில் இருப்பதை எடுப்பதா? முழுமையான வழிகாட்டி

ஒரு பயிற்சி முகாமுக்குச் சான்றிதழ் தயாரிக்கச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதியிருந்தேன். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொரு பெயரையும் படத்தின்மேல் தமிழில் எழுதித் தரும். என் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக வந்தது. சர்வரில் ஓடவிட்டபோது மேகலாவின் இரட்டைக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. செல்வியின் ஒற்றைக் கொம்பும் அப்படியே. பிழைச்செய்தி எதுவும் இல்லை. இரண்டு இடத்திலும் அதே நிரல், அதே எழுத்துரு, படம் வரையும் பில்லோ லைப்ரரியும் (லைப்ரரி என்றால் மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) அதே பதிப்பு.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆனது. தமிழ் எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்க பில்லோவுக்கு ராக்ம் என்ற லைப்ரரி வேண்டும். ராக்முக்கு ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி என்ற இரண்டும் வேண்டும். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவும் பில்லோ, 8.2.0 பதிப்பிலிருந்து ராக்மைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. ஃப்ரிபிடியை மட்டும் கொண்டுவருவதில்லை. ஓடும்போது உங்கள் கணினியில் தேடுகிறது. இருந்தால் பயன்படுத்தும், இல்லையென்றால் ராக்மையே ஒதுக்கிவிட்டு, எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் எளிய முறைக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. லேப்டாப்பில் உபுண்டு டெஸ்க்டாப் இருந்ததால் ஃப்ரிபிடி ஏற்கெனவே இருந்தது. சர்வரில் நான் எடுத்திருந்தது மெலிந்த டாக்கர் படிமம் (மிகத் தேவையானதை மட்டும் வைத்த குட்டி லினக்ஸ் சூழல்), அதில் இல்லை.

பாதி கூடவே வந்தது, மீதி கணினியிலிருந்து எடுக்கப்பட்டது. எது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திறமூல மென்பொருள் எழுதி வெளியிடுகிறவர்கள் தங்கள் நிரல் சார்ந்திருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும், கூடவே அனுப்புவதா கணினியிலிருந்து எடுப்பதா என்ற முடிவைத் தெரிந்தே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸையும் பைத்தானையும் சுற்றியே இருக்கும், ஏனென்றால் எனக்கு அதுதான் பழக்கம்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முடிவெடுப்பதற்கு முன்னால் கணக்கெடுப்பு. சி, சி++ நிரலாக இருந்தால், கட்டி முடித்த (கம்பைல் செய்த) கோப்பின்மேல் எல்டிடி கட்டளையை ஓட்டினால் எந்தெந்தப் பகிர்வு லைப்ரரிகள் (தனிக் கோப்பாக இருந்து, நிரல் ஓடும்போது ஏற்றப்படுபவை) எந்த அடைவிலிருந்து ஏற்றப்படுகின்றன என்று காட்டும். யாரோ கொடுத்த, நம்பகம் தெரியாத கோப்பின்மேல் மட்டும் எல்டிடியை ஓட்டாதீர்கள், சில சமயம் அது அந்தக் கோப்பையே இயக்கிவிடும். அதற்கு ரீட்எல்ஃப் அல்லது ஆப்ஜ்டம்ப் போதும்.

எல்டிடியில் தெரியாதவை இன்னும் இருக்கும். நிலையாக இணைக்கப்பட்ட, அதாவது கட்டும்போதே நிரலின் கோப்புக்குள் கலந்துவிட்ட லைப்ரரிகள் அதில் வராது. மூலநிரல் மரத்தில் வெண்டர், தேர்ட்-பார்ட்டி, எக்ஸ்டெர்னல், டெப்ஸ் போன்ற பெயர்களில் அடைவுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பெயரே இல்லாமல் யாரோ என்றைக்கோ நகலெடுத்து ஒட்டிய ஒற்றைக் கோப்புகளும் இருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம், கோப்பின் தலையில் உள்ள உரிமக் குறிப்பை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

பைத்தானில், நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் அடைவைத் திறந்து பாருங்கள். பில்லோவுக்குப் பக்கத்திலேயே "லிப்ஸ்" என்று முடியும் ஓர் அடைவு இருக்கும். அதற்குள் வெப்பி, ஜேபெக், டிஃப் படங்களுக்கான லைப்ரரிகள், பெயருக்குப் பின்னால் எட்டு எழுத்து வாலுடன் இருக்கும். ஆடிட்வீல் என்ற கருவி அவற்றை எடுத்து உள்ளே வைத்து, கணினியில் உள்ளவற்றோடு மோதாதபடி பெயரை மாற்றிய தடயம் அது. கோ மொழியில் எழுதியதாக இருந்தால், கோவின் பதிப்புக் கட்டளையோடு எம் என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த இயங்குகோப்புக்குள் கட்டப்பட்ட எல்லா மாட்யூல்களையும் பதிப்போடு சொல்லிவிடும்.

கிடைத்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதுங்கள்: பெயர், பதிப்பு, எங்கிருந்து வருகிறது, உரிமம். நான்கு நெடுவரிசை போதும், ஒரு லைப்ரரிக்கு ஒரு வரி.

படி 2: ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்

இதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க வேண்டியது யார்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வட்டில் இடம் மிச்சமாகும், நினைவகம் மிச்சமாகும் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் இன்றைக்கு அவை சின்ன விஷயம்.

2023 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வெப்பி படங்களைப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியில், தயாரித்து அனுப்பிய ஒரு படத்தைத் திறந்தாலே நினைவக எல்லையைத் தாண்டி எழுதும் ஓட்டை இருந்தது. குரோமில் அதைத் தாக்குதல்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தம் லிப்வெப்பி 1.3.2 பதிப்பில் வந்தது. டெபியனிலோ உபுண்டுவிலோ கணினியின் லிப்வெப்பியைப் பயன்படுத்திய நிரல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தால் போதுமானதாக இருந்தது. ஆனால் குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தை உள்ளே வைத்திருக்கும் எலக்ட்ரான் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதிய வெளியீடு விட வேண்டியிருந்தது. பிப்பில் வரும் பில்லோவும் தன் பிரதியை மாற்றி 10.0.1 பதிப்பை செப்டம்பர் 15 அன்று வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது: பிப் மூலம் பில்லோ நிறுவியிருந்தவர் கணினியை முழுவதும் புதுப்பித்திருந்தாலும் அவருடைய பில்லோவுக்குள் பழைய லிப்வெப்பி அப்படியே இருந்திருக்கும். டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் அந்த அடைவைத் தொடாது. ஆனால் அவருக்குப் புதுப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி இருக்கும். பில்லோவின் பராமரிப்பாளர்கள் சில நாட்களில் எழுந்து வேலை செய்தார்கள். நீங்கள் ஒரு சிறு திட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், அதே வாரம் உங்களுக்குத் தேர்வோ வீட்டில் கல்யாணமோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 2002 மார்ச்சில், தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப் 1.1.3-இல் நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழை தெரிய வந்தது. 1.1.4-இல் திருத்தினார்கள். ஆனால் இசட்லிப் சிறியது, உரிமமும் தாராளமானது, அதனால் எத்தனையோ நிரல்கள் அதை நகலெடுத்து வைத்திருந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே ஒரு பிரதி இருந்தது. லைப்ரரியைத் திருத்துவதைவிட, பிரதிகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடுவதே பெரிய வேலையானது. டெபியன் கொள்கை ஏட்டில் உட்பொதிந்த பிரதிகளுக்கென்று ஒரு பிரிவு இருப்பதும், அவர்களின் பாதுகாப்புக் குழு எந்தப் பேக்கேஜுக்குள் எதன் பிரதி இருக்கிறது என்று பட்டியல் வைத்திருப்பதும் இப்படிப்பட்ட தேடல்களுக்காகத்தான்.

ஒரு லைப்ரரியைக் கூடவே கட்டி அனுப்பினால் அதன் பாதுகாப்புப் பராமரிப்பையும் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். ஏற்றிக்கொள்ள முடியும் என்றால் சேர்க்கலாம். முடியாது என்றால் கணினியில் இருப்பதையே எடுங்கள்.

படி 3: சேர்க்கவே கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

சிலவற்றில் பெரிய யோசனை தேவையில்லை.

கிளிப்சி என்ற சி லைப்ரரியைக் கட்டி அனுப்ப முயல வேண்டாம். கணினிப் பெயர்த் தேடல் போன்றவற்றுக்கு அது ஓடும்போது கணினியின் மற்ற பாகங்களை ஏற்றுகிறது, நிலையாக இணைத்தாலும் அந்தத் தேவை போகாது. மாற்றுவழி எளிது: பழைய கிளிப்சியின்மேல் கட்டுங்கள். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பைத்தான் உலகில் மெனிலினக்ஸ்2014 என்ற தரம் சென்ட்ஓஎஸ் 7-ஐயும் கிளிப்சி 2.17-ஐயும் அடித்தளமாகக் கொண்டது இதனால்தான்.

ஓபன்எஸ்எஸ்எல் போன்ற மறைகுறியாக்க லைப்ரரிகளும் கணினியிலிருந்தே வரட்டும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்-இன் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோது எத்தனை பேர் ஒரே நாளில் ஓட வேண்டியிருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நிரலுக்குள் இரண்டு ஓபன்எஸ்எஸ்எல் பிரதிகள் ஏறினால் வினோதமான சிக்கல்கள் வரும். போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கான சைக்கோபிஜி2-வின் பைனரி பேக்கேஜ் தன் சொந்தப் பிரதியோடு வருகிறது. அது பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூலோடு மோதி நிரல் விழக்கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள், உற்பத்திச் சூழலுக்கு மூலநிரலிலிருந்து கட்டுங்கள் என்பது அவர்களின் அறிவுரை.

அப்புறம், லைப்ரரி என்று தோன்றாத தரவுகள்: இணையதளங்களை நம்பலாமா என்று சரிபார்க்கும் சான்றிதழ் மூட்டைகளும் நேர மண்டலத் தரவும். இவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறோம். 2006 ஏப்ரல் 15 அன்று இலங்கை தன் நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு (யுடிசி) ஆறு மணி நேரம் முன்னால் இருந்ததிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று மாற்றியது. நேர மண்டலத் தரவைத் தன்னுள்ளேயே வைத்து அப்படியே விட்டுவிட்ட நிரல், அதற்குப் பிறகான கொழும்பு நேரத்தை அரை மணி நேரம் தவறாகத்தான் காட்டும். பைத்தான் 3.9-இல் வந்த ஸோன்இன்ஃபோ முதலில் கணினியின் தரவைத் தேடுகிறது, இல்லாவிட்டால்தான் பிப்பில் கிடைக்கும் பேக்கேஜை எடுக்கிறது. சரியான வரிசை அதுதான். சான்றிதழிலும் இதே கதை: 2021 செப்டம்பர் 30 அன்று தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, பழைய மூட்டையை உள்ளே வைத்திருந்த நிரல்கள் நல்ல தளங்களையே நம்ப மறுத்தன.

படி 4: சேர்ப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதுவரை படித்தால் சேர்ப்பதே தப்பு என்று தோன்றும். அப்படியில்லை.

பிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் உள்ளிட்ட பல லைப்ரரிகளின் பிரதிகளைத் தன் உள் அடைவில் வைத்திருக்கிறது. பேக்கேஜ் நிறுவும் கருவியே வெளி லைப்ரரியைச் சார்ந்திருந்தால், பயனர் அந்த லைப்ரரியைக் கெடுத்துக்கொண்டபோது பிப்பும் சேர்ந்து படுத்துவிடும், திருத்த வழியிருக்காது. இது உறுதியான காரணம். அவர்கள் பிரதிகளைப் புதுப்பிக்க முறையும் வைத்திருக்கிறார்கள்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி இன்னொரு வகை. அதன் மொத்த மூலநிரலையும் ஒரே சி கோப்பாக்கித் தருகிறார்கள், உங்கள் நிரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். முழு உரைத் தேடல் போன்ற வசதிகளைக் கட்டும் நேரத்தில்தான் இயக்க முடியும் என்பதால், கணினியில் உள்ள பிரதியில் அது இல்லாமலும் போகலாம்.

வின்டோஸுக்கும் மேக்குக்கும் வெளியிடுகிறீர்கள் என்றால் வேறு வழியே இல்லை. அங்கே ஆப்ட் மாதிரி ஒன்று எல்லாக் கணினியிலும் இருக்காது. சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

லைப்ரரியை நீங்கள் கொஞ்சம் மாற்றியிருக்கிறீர்கள் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் தற்காலிகக் காரணம். மாற்றத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள். ஏற்றுக்கொள்ளும் நாள்வரை மட்டும் பிரதி இருக்கட்டும்.

டிஸ்ட்ரோவின் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகளின்) பேக்கேஜ் என்றாலே பத்திரம் என்று நினைக்கவும் கூடாது. 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல்-க்கு ஒரு சின்னத் திருத்தம் போட்டார்கள். ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதுதான் நோக்கம். அதில் சீரற்ற எண்களுக்கான ஊற்றே அடைபட்டது. உருவான சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000-க்குள் அடங்கிப்போயின. 2008 மே மாதம்தான் அது வெளியே வந்தது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அறிவித்தபோதும் ஒன்று தெரிந்தது: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்-இன் மூல நிரல் அந்த லைப்ரரியைப் பயன்படுத்துவதே இல்லை. சில டிஸ்ட்ரோக்கள் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) என்பதற்காகப் போட்ட திருத்தத்தின் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. ஆனாலும், கணினியில் ஒரே பிரதி இருந்ததால் பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரே கட்டளை போதுமானதாக இருந்தது. இரண்டு பக்கமும் தவறு நடக்கும். எந்தப் பக்கத்தில் நடந்தால் திருத்துவது சுலபம் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

படி 5: சேர்ப்பது என்றால் ஒழுங்காகச் சேருங்கள்

ஒரே அடைவு, அதற்குள் லைப்ரரிக்கு ஓர் உள் அடைவு. மூலத் திட்டம் வெளியிட்டதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வையுங்கள். மாற்றம் தேவையென்றால் தனிப் பேட்ச் கோப்பாகப் பக்கத்தில் வைத்து, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிரதிக்குள்ளேயே கை வைத்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது அவர்களுடையது, எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது.

பதிப்பு எண், எடுத்த நாள், எடுத்த முகவரி, கோப்பின் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) நான்கையும் பதிவு செய்யுங்கள். புதிய பதிப்பை இறக்கி, சரிபார்த்து, பேட்சுகளைப் போடும் ஸ்கிரிப்ட் ஒன்றும் வேண்டும். புதுப்பிப்பது ஒரு கட்டளையில் முடிந்தால்தான் நாம் செய்வோம். முடியாவிட்டால் தள்ளிப்போடுவோம், மனித இயல்பு அதுதான்.

உரிமத்தைப் படியுங்கள். இசட்லிப் போன்றவற்றில் தொல்லை இல்லை, அறிவிப்பை வைத்திருந்தால் போதும். ஃப்ரிபிடியின் உரிமம் எல்ஜிபிஎல். அப்படிப்பட்ட லைப்ரரியை நிலையாக இணைத்து அனுப்பினால், பெறுபவர் அதை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ளும் வழியையும் தர வேண்டும். தனிப் பகிர்வு லைப்ரரியாக வைப்பது எளிது.

சி லைப்ரரிகளில் இன்னொன்று: பிரதியின் செயல்பாட்டுப் பெயர்கள் வெளியே தெரியாதபடி மறையுங்கள். இல்லையென்றால் கணினியில் உள்ள அதே லைப்ரரியின் வேறு பதிப்பும் ஒரே நிரலில் ஏறும்போது இதன் செயல்பாட்டை அது அழைத்து, எங்கேயோ விழும்.

படி 6: சுவிட்சு ஒன்று வையுங்கள்

சேர்த்த ஒவ்வொரு லைப்ரரிக்கும் "கணினியில் இருப்பதை எடு" என்ற கட்டும் நேர விருப்பம் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் மென்பொருளை டெபியனுக்கோ ஃபெடோராவுக்கோ கட்டித் தரும் தன்னார்வலருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். டெபியனில் பேக்கேஜ் கட்டும்போது இணையத்தைத் தொடக் கூடாது. லினக்ஸ் செயலிகளை வழங்கும் ஃபிளாட்ஹப்பிலும் அப்படியே. கட்டும் நேரத்தில் லைப்ரரியை இறக்கும் நிரல் அங்கே நின்றுவிடும்.

சீமேக் என்ற கட்டும் கருவியில் முதலில் கணினியில் தேடச் சொல்லி, கிடைக்காவிட்டால் மட்டும் இறக்கச் சொல்லலாம். 3.24 பதிப்பிலிருந்து இரண்டையும் ஒரே அறிவிப்பிலேயே எழுத முடிகிறது. மீசான் என்ற இன்னொரு கட்டும் கருவியில் சார்பை அறிவிக்கும்போதே மாற்று ஏற்பாட்டையும் சொல்லலாம். பேக்கேஜ் கட்டுபவர் மாற்று ஏற்பாடே வேண்டாம் என்று வெளியிலிருந்து அணைத்துக்கொள்ளலாம். கியூட்டி என்ற வரைகலை இடைமுக லைப்ரரி, ஹார்ஃப்பஸ் பிரதியை உள்ளே வைத்திருந்தாலும் கணினியில் உள்ளதை எடுக்கும் விருப்பத்தையும் தருகிறது.

ஃபெடோரா ஒரு காலத்தில் உட்பொதிந்த லைப்ரரிகளை அறவே கூடாது என்றது. 2015-இல் விதியைத் தளர்த்தி, பிரித்தெடுக்க முடியாதபோது எதன் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று பேக்கேஜிலேயே அறிவிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். அடுத்த இசட்லிப் நாள் வரும்போது தேடினால் கிடைக்கும்.

படி 7: பைத்தான்காரர்களுக்குத் தனியாக

டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, கணினியின் பைத்தானுக்குள் பிப் நேராக நிறுவ மறுக்கிறது. அதை உடைத்துக்கொண்டு போகும் விருப்பத்தை இணையத்தில் சொல்வார்கள். போடாதீர்கள், ஆப்ட் நம்பியிருக்கும் கோப்புகளோடு மோதும். உங்களுக்கு மூன்று பாதை உண்டு.

தனி மெய்நிகர் சூழல் (கணினியின் பைத்தானோடு கலக்காத தனி அடைவு) உருவாக்கி எல்லாவற்றையும் பிப்பில் நிறுவுவது முதல் பாதை. பதிப்பு உங்கள் கையில், பாதுகாப்பும் உங்கள் கையில். இரண்டாவது, மெய்நிகர் சூழலை உருவாக்கும்போது கணினியின் பேக்கேஜ்களையும் பார்க்கும் விருப்பத்தைக் கொடுப்பது. பில்லோ போன்று சி லைப்ரரிகளைச் சுமப்பவற்றை ஆப்டிலும், தூய பைத்தான் பேக்கேஜ்களைப் பிப்பிலும் எடுக்கலாம். நான் சர்வர்களில் இதைத்தான் செய்கிறேன். மூன்றாவது, பைனரி வேண்டாம் என்று பிப்பிடம் சொல்லி மூலநிரலிலிருந்து கட்டவைப்பது. அதற்குக் கணினியில் ஜேபெக், இசட்லிப் போன்றவற்றின் டெவ் பேக்கேஜ்கள் (கட்டுவதற்குத் தேவையான கோப்புகள் கொண்டவை) முன்கூட்டியே இருக்க வேண்டும்.

படி 8: இரண்டு வழியையும் சோதியுங்கள், பிறகு வெளியிடுங்கள்

தானியங்கிச் சோதனையில் இரண்டு ஓட்டம் வையுங்கள்: ஒன்று சேர்த்த பிரதிகளோடு, மற்றொன்று கணினியின் லைப்ரரிகளோடு. இரண்டாவதை டெபியனின் நிலையான பதிப்பில் ஓட்டுங்கள், லைப்ரரிகள் அங்கே கொஞ்சம் பழையதாக இருப்பதால் பொருத்தச் சிக்கல் அப்போதே தெரியும். மெலிந்த படிமத்தில் மூன்றாவது ஓட்டம் ஒன்று என் அனுபவத்தில் வீண் போனதில்லை.

நிரல் தொடங்கும்போதே தேவையானது இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் சத்தமாக நிற்கவையுங்கள். பில்லோவில் அம்சங்களைச் சரிபார்க்கும் மாட்யூல் உண்டு. ராக்ம் இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் தரும். என் சான்றிதழ் நிரலில் இப்போது முதல் வேலையே அந்தக் கேள்விதான். ராக்ம் இல்லையென்றால் எந்தப் பேக்கேஜை நிறுவ வேண்டும் என்று தமிழில் சொல்லிவிட்டு நின்றுவிடும். சோதனையில் "மேகலா" என்று எழுதி, வந்த படத்தைச் சரியான படத்தோடு ஒப்பிடும் ஒரு வரியும் இருக்கிறது.

படி 1-இல் எழுதிய கோப்பை வெளியீட்டோடு சேர்த்து அனுப்புங்கள். சேர்த்த ஒவ்வொரு லைப்ரரியின் அறிவிப்புப் பட்டியலிலும் உங்கள் மின்னஞ்சலைப் பதிவு செய்யுங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் அந்தக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பிரதிக்கும் இன்னும் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்சை மூலத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கும். அல்லது டெபியனின் நிலையான பதிப்பிலேயே போதுமான புதிய பதிப்பு வந்திருக்கும். அப்போது அந்த உள் அடைவை அழித்துவிட்டு, சுவிட்சையும் எடுத்துவிட்டு, கோப்பில் அந்த வரியை நீக்குங்கள்.